கல், மண், இதர

தராசு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குத் திரும்பி வந்தது. பழுது பார்க்க எடுத்துப் போனது இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால். "அடுத்த வாரம் வந்துடும் மேடம்" என்று சொல்லித்தான் எடுத்துப் போனார்கள். கொண்டுவந்து மேசையில் வைத்தவன், ஏதோ நேற்றுச் சாயங்காலம் வாங்கிப்போன மாதிரி, "இங்க ஒரு கையெழுத்து" என்றான். நாலு வார்த்தை கேட்கலாம் என்று நான் மூச்சு இழுப்பதற்குள் லிஃப்டில் இறங்கிவிட்டான்.

ஓநாய் என்ன தின்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதனிடமே கேட்க முடியாது, அது போட்டுவிட்டுப் போன எச்சத்தைத்தான் கேட்க வேண்டும். வனக்காவலர் காட்டுப் பாதையில் அதைப் பொறுக்கி, பழுப்புக் கவரில் போட்டு, தேதி, இடம், ஈரமா காய்ந்ததா என்று மேலே எழுதி அனுப்புவார். எங்கள் ஆய்வகத்தில் கழுவும் அக்கா அதைச் சல்லடையில் போட்டுக் கழுவி, மயிரைத் தனியாக, எலும்பைத் தனியாக, மீதியைத் தனியாகப் பிரிப்பார். மயிர் என்னிடம் வரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மான் மயிருக்குள் தேனடை போல அறை அறையாக இருக்கும். காட்டுப்பன்றி மயிர் நுனியில் பிளந்திருக்கும். பதினேழு வருடமாக இதைத்தான் பார்க்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது "என்ன வேலை?" என்று கேட்டால் "அரசாங்க வேலை" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் நகர்ந்துவிடுவேன்.

இதையெல்லாம் எழுதிவைக்க ஒரு படிவம் உண்டு. அதைத் தயாரித்தது நான்தான். மயிர், எலும்பு, குளம்பு, விதை, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். கடைசிக் கட்டம் 'கல், மண், இதர'. அதில் எடையை மட்டும் குறித்துவிட்டுக் குப்பையில் கொட்டிவிட வேண்டியது. ஓநாய் தின்றதைத்தானே தேடுகிறோம், அதன் வயிற்றில் போன மண்ணைப் பற்றி யாருக்கு என்ன?

அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு கூட்டம் இருந்தது. காட்டில் இருக்கும் பதினொரு ஓநாய்களையும் சுட உத்தரவு போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கூட்டம். சுட வேண்டும் என்று மனு கொடுத்தது வேட்டைச் சங்கம். மான் குறைந்துகொண்டே வருகிறது, உரிமம் வாங்கிக் காட்டுக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கிறது, எல்லாவற்றையும் ஓநாய் தின்று தீர்க்கிறது என்று பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். அதற்கு அவர்கள் இணைத்திருந்த ஆதாரம் என் அறிக்கை. நூற்றுத் தொண்ணூறு எச்சத்தில் நூற்று நாற்பத்து மூன்றில் மான் மயிர். நான் எண்ணிய எண், நான் போட்ட கையெழுத்து.

மனுவில் கையெழுத்துப் போட்டிருந்த செயலாளர் என் அண்ணன்.

தராசு வந்த கையோடு கழுவும் அக்கா தொட்டிக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டிகளை இழுத்துப் போட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, ஏழு பெட்டி. அந்தப் பெட்டிகளுக்காக நானும் அவரும் போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை. கால் இடறுகிறது, கரப்பான் சேர்கிறது, தூக்கிப் போடுங்கள் என்று நான் எத்தனை தடவை தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! கிணற்றில் போட்ட கல் மாதிரி அவர் பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருப்பார்.

"இப்ப எதுக்கு அக்கா இதை இழுக்கறீங்க?"

"எடை போடத்தான்."

"எதை?"

"கல்லு மண்ணை. தராசு அடுத்த வாரம் வந்துடும், அதுவரைக்கும் கவர்லயே போட்டு வைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? வந்துடுச்சு. போடலாம்."

இரண்டு வருடம் நான்கு மாதமாக, ஒவ்வொரு எச்சத்தின் கல்லையும் மண்ணையும் அதனதன் கவரிலேயே திரும்பப் போட்டு, மடித்து, கிளிப் மாட்டி அடுக்கி வைத்திருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வியாழக்கிழமை கூட்டம், அறிக்கையின் சுருக்கம் இன்னும் எழுதவில்லை, இந்த அம்மா மண்ணை எடை போட உட்கார்ந்திருக்கிறார்.

"சரி, பத்து கவர் போடுங்க. ஆசை தீரட்டும்" என்று சொல்லிவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

நாலாவது கவரில் கூப்பிட்டார். "மேடம், தராசு இன்னும் சரியாகல."

தராசை அனுப்பியவர்களின் பரம்பரையையே மனதுக்குள் வாழ்த்திக்கொண்டு எழுந்து போனேன். தட்டில் ஒரு ஸ்பூன் அளவுகூட மண் இல்லை. எண்ணோ பதினொரு கிராமுக்கு மேல் காட்டியது. எடைக்கட்டியை வைத்துப் பார்த்தேன், தராசு சரியாகவே இருந்தது. மண்ணைத் தட்டில் பரப்பினேன். நடுவில் மூன்று கறுப்புக் கல். ஒன்றை இடுக்கியால் அழுத்தினேன், நசுங்கியது. நகத்தால் கீறினேன், உள்ளே வெள்ளையாய் மின்னியது.

கல் எங்கேயாவது நசுங்குமா? அது ஈயம்.

"இந்த மாதிரி வேற கவர்லயும் இருக்கா?"

"நிறைய இருக்கு. வால் வச்ச கல்லு. முதல்லயே உங்ககிட்ட சொன்னேன். கல்லுன்னா கல்லு கட்டத்துல போடுங்க, சும்மா சும்மா கூப்பிடாதீங்கன்னு கத்தினீங்க."

கத்தியிருப்பேன். சந்தேகமே இல்லை.

சாப்பாட்டையும் மறந்து நூற்று நாற்பத்து மூன்று மான் கவரையும் பிரித்தோம். அறுபத்தொன்றில் ஈயக் குண்டு. பன்றி, முயல், எலி கவர்களில் ஒன்றில்கூட இல்லை. ஈயக் குண்டை ஓநாய் எதற்கு விழுங்கப் போகிறது? மானின் சதைக்குள் இருந்தால்தான் விழுங்கும். யாரோ சுட்டு, குண்டு பட்டு, விழாமல் ஓடி, எங்கோ போய்ப் படுத்த மானைத்தான் ஓநாய் தின்றிருக்கிறது. மீதி எண்பத்திரண்டிலும் முக்கால்வாசி மான்குட்டியின் மயிர், எந்தக் காட்டிலும் ஓநாய் எடுப்பதுதான். ஆக, ஓநாய்க் கணக்கில் நான் எழுதிய அறுபத்தொன்றும் துப்பாக்கிக் கணக்கில் போயிருக்க வேண்டியவை. தப்பான கட்டம் போட்டதும் நான், தராசு இல்லையென்று அந்தக் கட்டத்தில் வெறும் கோடு போட்டுத் தள்ளியதும் நான், அதைப் பதினொரு உயிருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நான். என்மேல் எனக்கு வந்த எரிச்சலை வைக்க இடமில்லாமல் நாற்காலியை ஓர் உதை உதைத்தேன். கால் விரல்தான் வீங்கியது.

அதோடு விட்டதா? குண்டின் வால் வேறு.

கடைக் குண்டு உருண்டையாக இருக்கும். இது ஒரு பக்கம் உருண்டு, மறுபக்கம் சின்ன வாலோடு இருந்தது. எனக்குத் தெரிந்து அப்படிக் குண்டு செய்கிறவர் ஒரே ஆள். என் மைக்ராஸ்கோப் மேசைக்குப் பக்கத்து ஜன்னல் திரை காற்றில் பறந்து உயிரை வாங்குகிறது என்று அண்ணனிடம் ஒருமுறை புலம்பினேன். மறுநாளே ஒரு பாட்டில் நிறையக் குண்டு கொண்டுவந்து, "இதை அடியில வச்சுத் தைச்சுக்கோ, பறக்காது" என்றார். தைத்தேன். பறக்கவில்லை. கத்தரிக்கோலால் திரையின் ஓரத்தைப் பிரித்து ஒரு குண்டை எடுத்து, கவரில் இருந்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகள்.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு எங்கள் ஆய்வகத்தில் 'பார்க்கலாம்' என்று பெயர். முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "பார்க்கலாம்" என்றார்.

"வியாழக்கிழமை சுட உத்தரவு போட்டுடுவாங்க சார்."

"கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்களேன். ஆனா யாருடைய குண்டுன்னு கேட்பாங்க. அதுக்குப் பதில் இருக்கா?"

"பார்க்கலாம் சார்" என்றேன். முகத்தில் அடித்த மாதிரிதான் சொன்னேன், அவருக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்ததுமே, "நல்ல வேளை வந்தே. உங்க அண்ணனுக்கு நீயாவது புத்தி சொல்லு. இன்னிக்கும் கண் டாக்டர்கிட்ட போயிட்டு வந்திருக்கார்" என்றாள். இரண்டு வருடத்தில் நாலாவது டாக்டர். கண் போய்விட்டது, கைக்கு நிதானம் போய்விட்டது என்று அண்ணன் கார் ஓட்டுவதையே நிறுத்திவிட்டிருந்தார். கண்ணில் ஒன்றும் இல்லை என்று நாலு டாக்டரும் சொல்லியாயிற்று. நாலு பேருக்கும் ஒன்றும் தெரியாது என்பது அண்ணன் கட்சி.

பின்பக்க அறையில் அவர் குமுட்டி அடுப்பைப் பற்றவைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார். கார் சக்கரத்தில் மாட்டுகிற பழைய ஈயத் துண்டுகளை மெக்கானிக்குகளிடம் கேட்டு வாங்கி, உருக்கி, ஓட்டைக் கரண்டி வழியே வாளித் தண்ணீரில் சொட்டவிட்டுக் குண்டு செய்வார். கடைக் குண்டில் சுத்தம் இல்லை என்பது அவர் கொள்கை. சங்கத்து ஆட்கள் நாற்பது பேருக்கும் அவரே பிரித்துக் கொடுப்பார், பெருமையாக.

"வா பாப்பா. நாளைக்கு உன் அறிக்கையைத்தான் முதல்ல படிக்கப் போறேன். என் தங்கச்சி செஞ்ச ஆராய்ச்சின்னே சொல்லப் போறேன்."

நாற்பத்து மூன்று வயதில் பாப்பா. அதற்கு எரிச்சல்படக்கூட அன்றைக்கு எனக்கு நேரமில்லை. கவரைக் கவிழ்த்து அவர் மேசையில் கொட்டினேன்.

"இது என்ன?"

"ஓநாய் எச்சத்துல இருந்தது."

ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார். தன் கைவேலை தெரியாமல் போகுமா?

"எவனோ என் குண்டைக் காட்டுல சிந்தியிருக்கான். ஓநாய் தின்னுருக்கு."

"ஆமா, ஓநாய் உட்கார்ந்து பொறுக்கித் தின்னுச்சு, இல்ல? அறுபத்தொரு கவர் அண்ணா. எல்லாம் மான் மயிரோட. நீங்க சுட்ட மான்."

"நாங்க எங்க சுட்டோம்? ரெண்டு வருஷமா ஒண்ணும் விழலைன்னுதானே மனுவே குடுத்திருக்கோம்! நான் எத்தனை தடவை குறி தப்பியிருக்கேன்னு இந்த நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பார்க்கறியா?" அலமாரியிலிருந்து ஒரு நீலநிற நோட்டை எடுத்து என் முன்னால் போட்டார். ஒவ்வொரு வரியிலும் தேதி, இடம், பெட்டையா கிடாயா, கடைசியில் ஒரே சொல். தப்பியது. தப்பியது. தப்பியது.

"தப்பல. பட்டிருக்கு. வாலோட இருக்கற குண்டு நேராப் போகாது, ஆழமா இறங்காது. தோலுக்குள்ள போய் நின்னுடும். மான் ஓடுது, நீங்க தப்பிடுச்சுன்னு அடுத்ததைச் சுடறீங்க. ஒண்ணுக்குப் பதிலா நாலு. வாளிக்கு ஒரு ஜாண் மேல இருந்து சொட்ட விட்டா குண்டுக்கு வால் வராம என்ன வரும்?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படப் போகிறார் என்று பதிலுக்குப் பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அண்ணியைக் கூப்பிட்டு, "இங்க வா, நான் ஒண்ணுகூட விடல! எல்லாம் பட்டிருக்காம்!" என்றார். அண்ணி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன்.

"நாளைக்கு இதைக் கூட்டத்துல சொல்லப் போறேன். யார் குண்டுன்னு கேட்பாங்க" என்றேன்.

சந்தோஷம் சட்டென்று இறங்கியது. "சொல்லுவியா?"

"பதினொரு ஓநாய் அண்ணா."

"நான் உன் கூடப் பிறந்தவன் பாப்பா. நாற்பது பேர் முன்னாடி."

"அதான் முந்தின நாளே வந்து சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கூட்டத்தில் அண்ணன் முதல் வரிசையில் இருந்தார். என் அறிக்கையைப் படிக்க எழுந்திருக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று சைகை காட்டிவிட்டார். அதனால் நான் நேராக மேசைக்குப் போய், என் அறிக்கை தப்பு என்று ஆரம்பித்தேன். எண்களைச் சொன்னேன். அறுபத்தொரு கவரின் குண்டுகளையும் ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டிச் சுற்றுக்கு விட்டேன். நாற்பது பேரும் வாலைப் பார்த்தார்கள். பார்த்த ஒவ்வொருவரும் தட்டை அவசர அவசரமாக அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டு மின்விசிறியை ஆராய்ந்தார்.

தலைமை தாங்கிய அதிகாரி கேட்டேவிட்டார். "இது யார் செய்யற குண்டு?"

சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் எழுந்தார்.

"நான் செஞ்சது. எல்லாருக்கும் நான்தான் குடுத்தேன்."

அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்போ போன வருஷம் மூணாவது ஓடையில நான் சுட்ட கிடாய்க்குப் பட்டுச்சா?" என்றார்.

"அது நான் சுட்டது" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நீங்க சுட்டது பாறைக்கு இந்தப் பக்கம்."

அவ்வளவுதான். நாற்பது பேரும் நான், நீ என்று ஆரம்பித்துவிட்டார்கள். எவன் குண்டு எந்த மானில் பட்டது என்று கை கால் ஆட்டிச் சண்டை. ஒருவர் செல்போனை எடுத்து வீட்டுக்குச் சொல்லியே விட்டார். கிழட்டுக் கண் என்று கேலி கேட்டவர்கள், கை நடுங்குகிறது என்று மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், எல்லாருக்கும் போன மரியாதை வட்டியோடு திரும்பி வந்துவிட்டது. மான் எங்கே போய் விழுந்தது, எப்படிச் செத்தது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. இவர்களோடு என்னதான் செய்வது? சுடும் உத்தரவை நிறுத்திவைக்கிறேன் என்று அதிகாரி அறிவித்தது மூன்று பேர் காதில் விழுந்திருந்தால் அதிகம்.

இயக்குநர் வெளியே போகும்போது என் பக்கம் குனிந்து, "நல்லாச் சொன்னீங்க. அடுத்த வருஷம் மறுபடியும் பார்க்கலாம்" என்றார்.

அண்ணன் யாரோடும் சேரவில்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வக வாசலில் நின்றார். தானே கார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் சண்டைக்குத் தயாராகி, "என்ன?" என்றேன்.

"அந்த அறுபத்தொரு கவரைக் குடு. தேதி பார்க்கணும்."

அவருமா? நேற்று நாற்பது பேர் செய்த கூத்து போதாதென்று, தன் பங்கை எண்ணிப் பார்க்க வந்திருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எடுத்துக் குடுங்க அக்கா, மாலை வாங்கிட்டு வந்து போடுவோம்" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. கழுவும் அக்கா கவர்களைக் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் ஒரு டீயும் வைத்தார்.

அண்ணன் ஒரு கவரைப் பார்ப்பார், நோட்டைப் புரட்டுவார். இடம் ஒத்து, தேதியும் நெருங்கி வந்தால் 'தப்பியது' என்பதை ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'பட்டது' என்று எழுதுவார். பத்து மணிக்கு ஆரம்பித்தவர், மதியம் வரை பத்தொன்பது வரி திருத்தினார். டீ ஆடை கட்டிக் கிடந்தது. கடைசிக் கவரைக் கையில் எடுத்தவர் வைக்கவே இல்லை. நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து, "முடிஞ்சுதா?" என்றேன்.

"மூணாம் தேதி சுட்டேன். பெட்டை. ஓநாய் எச்சம் பத்தாம் தேதி."

"சரி."

"தின்ன மறுநாள் எச்சம் விழுமா?"

"விழும்."

"அப்ப ஒன்பதாம் தேதி தின்னுருக்கு. அதுவரைக்கும்?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பத்தொன்பது வரியிலும் அவர் எண்ணிக்கொண்டிருந்தது அதைத்தான். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன எண்களாக எழுதியிருந்தார். இரண்டு. ஒன்று. நாலு. மூன்று.

"அப்படி எல்லாம் எடுத்துக்க முடியாது அண்ணா" என்றேன் அவசரமாக. "மறுநாளே செத்திருக்கும். செத்துக் கிடந்ததை ஓநாய் அப்புறமா வந்து தின்னுருக்கும். இல்லைன்னா அது முன்னாடியே போட்டதா இருக்கும். காவலர் சோம்பேறி, ஒரு வாரம் கழிச்சுத்தான் பொறுக்கியிருப்பார்."

அவர் கவரைத் திருப்பி என்னிடம் காட்டினார். கவர்மேல் நான் அச்சடித்துக் கொடுத்த கட்டம். 'ஈரம் / காய்ந்தது.' ஈரம் என்பதைக் காவலர் இரண்டு முறை சுழித்திருந்தார்.

"எச்சம் ஈரம். தின்னதும் புது ரத்தமாத்தான் இருந்திருக்கும். உன் ஓநாய் அழுகினதையா தேடிப் போகும்? அதுக்கு அன்னிக்கு வேலை சுலபம், ஓட முடியாததுதானே." பென்சிலால் ஓரத்தில் ஆறு என்று எழுதினார். "ஆறு நாள் நடந்திருக்கு, பாப்பா."

அவரைத் திட்ட இரண்டு நாளாக எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஆடை கட்டிய டீயை எடுத்து ஓரமாக வைத்தேன். அவர் எழுந்து ஜன்னலுக்குப் போய், திரையின் ஓரத்தில் தைத்திருந்த தன் குண்டுகளைக் கையால் தடவிப் பார்த்து, கழுவும் அக்காவிடம் கத்தரிக்கோல் கேட்டார்.